விடிந்தால்தான் புதன்

ஜூன் 2, திங்கள்

தம்பிக்குச் சிறுநீரகம் எப்போது கிடைக்கும்? அவன் மனைவி மேகலா இன்று காலையும் ஃபோனில் கேட்டாள். எனக்குத் தெரியாது. தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்பதும் தெரியாது.

அவள் என்னிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் ஒன்பது மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு பொதுக் காத்திருப்பு வரிசை வைத்திருக்கின்றன. மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் தானத்துக்குச் சம்மதித்தால் ஒரு சிறுநீரகம் அவர் இருந்த மருத்துவமனைக்குப் போகும். மற்றது பொது வரிசையில் முதலில் நிற்பவருக்கு. அந்த வரிசையைக் கணக்கிட்டுச் சொல்லும் ஜாவா நிரலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதே வரிசையில் என் தம்பி நல்லசிவமும் நிற்கிறான். வேலைக்குச் சேரும்போதே, வரிசையை நடத்தும் மையத்தின் தலைவர் டாக்டர் ரங்கநாயகியிடம் இதைச் சொல்லிவிட்டேன். "பேரெல்லாம் உங்க கண்ணுல படாதுங்க சாந்தாமணி. வெறும் நம்பர்தான்" என்றார்.

நான் அந்த வரிசையைத் திறந்து பார்ப்பதில்லை. மேகலா இதை நம்ப மாட்டாள். ரயில்வேயில் சொந்தக்காரர் இருந்தால் டிக்கெட் கிடைத்துவிடும் என்று நினைக்கிறவர்களைப் போலத்தான் அவளும். கோபித்துக்கொள்ள முடியாது. அவன் ஓ பிரிவு. ஓ பிரிவுக்காரர்தான் அவனுக்குக் கொடுக்க முடியும். நான் பி. மேகலா ஓ, ஆனால் சர்க்கரை. இரண்டு பேரும் கொடுக்க வந்து, இரண்டு பேரும் திருப்பி அனுப்பப்பட்டோம்.

வாஷிங் மெஷின் சத்தம் போடுகிறது. ஆளை வரச் சொல்ல வேண்டும்.


ஜூன் 4, புதன்

பழைய நிரல் மையத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சர்வரில் ஓடுகிறது. மழை பெய்தால் அந்த அறைக்குள் தண்ணீர் வரும். சென்ற ஆண்டு ஒரு நாள் முழுக்க அது எழவே இல்லை. அன்று டாக்டர் வரிசையைக் கையால் எழுதிப் போட்டார். அதனால்தான் இந்த இடமாற்றம்.

புதிய முறை இது: நிரல், அது ஓடத் தேவையான ஜாவா, அதற்கு அடியில் ஒரு சின்ன லினக்ஸ், எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டிவிட வேண்டும். கன்டெய்னர் என்று பெயர். அந்தப் பெட்டியை எந்த எந்திரத்தில் இறக்கினாலும் ஒரே மாதிரி ஓடும் என்கிறார்கள். ஒரே மாதிரி என்று யார் எதைப் பற்றிச் சொன்னாலும் எனக்குச் சந்தேகம்தான்.

நிரல் எழுதுவதும் பெட்டி கட்டுவதும் நான். பெட்டிகள் ஓடும் தளத்தைப் பார்த்துக்கொள்வது ஃபெலிக்ஸ். தூத்துக்குடிக்காரர், முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தைகள். என் முதல் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன மேடம் இவ்ளோ கனம்? பொண்ணுக்குச் சீர் கட்டி அனுப்புதியளா?" என்றார்.

"எங்க ஊர்ல சீர் கொஞ்சம் தாராளமுங்க."

"தாராளம்லாம் சரி. தூக்குதவன் நானுல்லா?"

அவர் சொல்வது சரி. நிரலைக் கட்டுவதற்கான கருவிகளையும் சேர்த்துக் கட்டிவிட்டிருந்தேன். இப்போது இரண்டு கட்டமாகப் பிரித்துவிட்டேன். கட்டும் இடத்தில் கருவிகள், அனுப்பும் பெட்டியில் கட்டி முடித்த நிரலான ஜார் கோப்பும் ஜாவாவும் மட்டும். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.


ஜூன் 5, வியாழன்

சிறுவாணித் தண்ணீர் வந்தது. எல்லாவற்றிலும் பிடித்து வைத்தேன். பெட்டி மூன்று முறை செத்தது.


ஜூன் 6, வெள்ளி

செத்ததற்குக் காரணம் நினைவகம். நான் ஒதுக்கியதைவிட ஜாவா அதிகம் கேட்கிறது. கேட்டால் தளம் அதைக் கொன்றுவிட்டுத் தானே மறுபடி எழுப்புகிறது. "எங்காளு எந்திரிக்க மூணு நாளாச்சு, உங்காளு மூணு நிமிசத்துல எந்திரிக்கான்" என்றார் ஃபெலிக்ஸ், கழுத்துச் சிலுவையைத் தொட்டு. அளவைச் சரிசெய்தேன். மாலை வரை சாகவில்லை.

வாஷிங் மெஷின் ஆள் வரவில்லை.


ஜூன் 8, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். மேகலா பீன்ஸை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்துக்கொண்டிருந்தாள். காயிலிருக்கும் உப்புச்சத்து வெளியேற வேண்டும். சத்தும் ருசியும் கூடவே போய்விடுகின்றன.

அவன் பம்ப்செட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவன். "ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்தனல்லக்கா, எனக்கு ஒரு நாளைக்கு மூணு டம்ளர்தான்னு எழுதிட்டான் பாரு" என்று சிரித்தான். மாம்பழ சீசன். அவனுக்கு ஆகாது. பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்த பழத்தை அறுக்க வேண்டாம் என்று சொல்லி, கையில் வைத்து மோந்துகொண்டே பேசினான். இடது முன்கையில் டயாலிசிஸ் ஊசி போடும் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கிறது. அதன் மேல் என் விரலை எடுத்து வைத்தான். உள்ளே கிர்ரென்று ஓடியது. "மோட்டார் நல்லாத்தான் இருக்குது. ஃபுட் வால்வுதான் போயிருச்சு" என்றான்.

அவன் தூங்கப் போன பிறகு மேகலா எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டினாள். இதயம் பெரிதாகியிருக்கிறது. இந்த வருடத்துக்குள் சிறுநீரகம் வைத்தால் அது பழைய நிலைக்குத் திரும்பும், தள்ளிக்கொண்டே போனால் பிறகு அறுவை சிகிச்சையையே தாங்காது என்று அவனைப் பார்க்கும் டாக்டர் சொன்னாராம்.

"வந்துருமுங்களா நங்கையா?"

"வரும்" என்றேன். எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சென்ற ஆண்டு முழுவதும் பொது வரிசைக்கு வந்த ஓ பிரிவுச் சிறுநீரகங்கள் இரண்டே இரண்டு.


ஜூன் 10, செவ்வாய்

டாக்டர் ரங்கநாயகியுடன் விதிகளை ஒருமுறை சரிபார்த்தேன். காத்திருப்பு என்பது முதல் டயாலிசிஸ் தொடங்கிய தேதியிலிருந்து. முன்தேதிக்காரர் முன்னால். ஒரே தேதி என்றால் வயதில் இளையவர் முன்னால்.

"தேதி மட்டும் போதுங்களா? மணி வேண்டாமா?" என்று கேட்டேன். மணி தரவில் இருக்கிறது.

"மணி பார்த்தா எந்த ஆஸ்பத்திரியில அன்னிக்கு மெஷின் காலியா இருந்துச்சுன்னுதான் தெரியும். அதுக்கெல்லாம் யாரும் முன்னால வரக் கூடாது. தேதின்னா காலண்டர் தேதி. கமிட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டது."

நியாயமாகத்தான் பட்டது. சோதனைத் தரவில் நூறு பொய் நோயாளிகளை உருவாக்கி ஓட்டினேன். வரிசை பிசகவில்லை.


ஜூன் 12, வியாழன்

வெளியிட்டோம். காலை பதினோரு மணிக்குப் பழைய சர்வரிலிருந்து புதிய தளத்துக்குப் போக்குவரத்தைத் திருப்பினார் ஃபெலிக்ஸ். மூன்று பெட்டிகள், மூன்றும் பச்சை. ஒன்பது மருத்துவமனைகளிலும் திரை திறந்தது. டாக்டர் மைசூர்பாகு வாங்கி அனுப்பியிருந்தார். ஒரு துண்டு சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து துணிகளைக் கையால் துவைத்தேன். நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.


ஜூன் 13, வெள்ளி

ஒரு வாரத்துக்குப் பழைய சர்வரை அணைக்காமல் வைத்திருக்கிறோம். இரண்டும் தரும் வரிசைகளை ஒப்பிட ஒரு சிறு நிரல் எழுதியிருந்தேன். காலையில் அதை ஓட்டினேன். மூன்று இடத்தில் வித்தியாசம்.

இரண்டு, வரிசையின் நடுவில் எங்கோ. மூன்றாவது ஓ பிரிவின் உச்சியில். பழைய சர்வரில் கே-2294 முதலாவது, கே-2281 இரண்டாவது. புதியதில் கே-2281 முதலாவது.

கே-2281 என்ற எண்ணை நான் மனப்பாடம் செய்ததில்லை. மேகலா அனுப்பும் ரிப்போர்ட்டுகளின் தலையில் இருக்கும், அவ்வளவுதான்.

காரணம் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. கீழ்த்தளத்து சர்வரில் இந்திய நேரம் வைத்திருந்தார்கள். தேதி எடுக்கும் இடத்தில் என் நிரல், தான் ஓடும் எந்திரத்தின் நேரத்தைக் கேட்கிறது. பெட்டிக்கு ஊர் கிடையாது. எந்த ஊர் என்று நாம் சொல்லாவிட்டால் கிரீன்விச் நேரத்தை எடுத்துக்கொள்ளும். அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். பகலில் டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு எந்த நேரத்தில் கணக்கிட்டாலும் தேதி அதேதான். நள்ளிரவு தாண்டி, காலை ஐந்தரைக்கு முன் தொடங்கியவர்களுக்கு மட்டும் முந்தைய நாளின் தேதி வந்துவிடும். நான் உருவாக்கிய நூறு பொய் நோயாளிகளும் பகலில் தொடங்கியவர்கள். ராத்திரியில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் உண்டு என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

கே-2281: அக்டோபர் 12, இரவு இரண்டு பத்து. கே-2294: அதே அக்டோபர் 12, காலை பதினொன்று, வயது இருபத்தாறு. கமிட்டியின் விதிப்படி ஒரே தேதி. இளையவர் முன்னால். பெட்டியின் கணக்குப்படி கே-2281க்கு அக்டோபர் 11.

ஃபெலிக்ஸிடம் பிழையை மட்டும் காட்டினேன். "ஒத்த வரிதான மேடம்? இன்னைக்கே போட்டுருவமா?"

"வெள்ளிக்கிழமை போடறதில்லைங்க. செவ்வாய் போட்டுக்கலாம்."

"அது செரி. வெள்ளிக்கிழமை வீட்டுலேர்ந்து ஒண்ணும் வெளிய குடுக்கக் கூடாதும்பா எங்க அம்ம."

செவ்வாயும் வியாழனும்தான் வெளியீடு. வார இறுதியில் ஏதாவது உடைந்தால் பார்க்க ஆள் இருக்காது. நல்ல விதி. எழுதியவள் நான்.

சமையல் எரிவாயு தீர்ந்துவிட்டது. மாற்றினேன்.


ஜூன் 14, சனி

போக வேண்டாம் என்றிருந்தேன். போனேன்.

மேகலா கதவைத் திறக்கும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது. கேசரி கிண்டியிருந்தாள். டயாலிசிஸ் பிரிவில் இருக்கும் சிஸ்டர் வியாழக்கிழமை புதுத் திரையைப் பார்த்துவிட்டு ரகசியமாகச் சொன்னாராம். "மொத ஆளா இருக்கறீங்கன்னு சொல்லிருச்சுங்க. சொல்லக் கூடாதாமா. ஆனாச் சொல்லிருச்சு."

"ரேசன் கடையில கூட நான் மொத ஆளா நின்னதில்லக்கா" என்றான் தம்பி. கேசரியில் கால் கரண்டி வைத்துக்கொண்டு வெகு நேரம் சாப்பிட்டான்.

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். "நீ மொத மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போனது என்னிக்கு?"

"செவ்வாக்கெழம ராத்திரி. ரெண்டு மணி இருக்கும்."

"ரெண்டு மணின்னா புதன்கிழமை ஆயிருச்சல்ல?"

அவன் என்னை வேடிக்கையாகப் பார்த்தான். "விடியாம எப்படிக்கா புதன்? விடிஞ்சாத்தான புதன். எம்.சி.ஏ. படிச்சுப்போட்டு இதுகூடத் தெரியல."

"செவ்வாக்கெழம ராத்திரிதானுங்க நங்கையா" என்றாள் மேகலா அடுக்களையிலிருந்து. "அன்னிக்கு மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்து படுத்தவருக்கு மூச்சு வாங்குச்சு. நான்தான ஆட்டோ புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். மெஷின்ல போட்டு, கண்ணு முழிச்சுப் பாத்தாரு, அப்பத்தான் புதன்கெழம விடிஞ்சுது."

வண்டி ஓட்டி வரும்போது அதையே யோசித்தேன். அம்மாவுக்குத் திதி பார்த்தபோது ஜோசியர் கேட்டதும் சூரிய உதயத்தைத்தான். பஞ்சாங்கத்தில் நாள் விடியலில் பிறக்கிறது. கிரீன்விச்சின் நள்ளிரவு இங்கே காலை ஐந்தரை, ஏறத்தாழ விடியல். ஊர் இல்லாத பெட்டி எங்கள் ஊர்க் கணக்கைத்தான் போட்டிருக்கிறது. வரிசையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் போட்டிருக்கிறது. அதுவும் ஒரு நியாயம்தான் என்று வாதாடலாம். பேச்சுப்போட்டி என்றால் நான் அந்தப் பக்கம் பேசி ஜெயித்துவிடுவேன்.

ஆனால் கமிட்டி எழுதியது காலண்டர் தேதி. அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. குறிப்பாக எனக்கு இல்லை.

கேசரியை டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தாள். ஃபிரிட்ஜில் வைத்தேன்.


ஜூன் 15, ஞாயிறு

டாக்டர் ரங்கநாயகிக்கு ஃபோன் செய்து பிழையைச் சொன்னேன். யாருடைய இடம் மாறுகிறது என்பதையும் சொன்னேன். 

"ஞாயித்துக்கிழமைங்க சாந்தாமணி. செவ்வாய் வழக்கம்போலப் போட்டுக்கலாமே. இப்ப டோனர் யாரும் இல்ல."

"இன்னிக்கே போட்டர்றேன் மேடம்."

"உங்க இஷ்டம்" என்றார். பிறகு, "உங்க விதிப்படி செவ்வாய் போட்டாலும் யாரும் உங்களைத் தப்பாச் சொல்ல மாட்டாங்க" என்றார்.

அது எனக்கும் தெரியும். வெள்ளியிலிருந்து அந்த விதிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். எதற்காக நிற்கிறேன் என்பது நேற்றுக் கேசரி சாப்பிடும்போது தெரிந்துவிட்டது.

என் திருத்தத்தை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஃபெலிக்ஸ் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியைத் திறந்தார். தேதி எடுக்கும் இடத்தில் இந்திய நேரம் என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒரு வரி. அதோடு இரவில் டயாலிசிஸ் தொடங்கிய நோயாளிகளுக்கான சோதனைகள்.

"இதுல மேல கீழ வாரது யாருன்னு பாத்தியளா மேடம்?" என்று ஃபோனில் கேட்டார்.

"மூணு ஜோடி நம்பருங்க."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. தம்பிக்கு உடம்பு எப்படி என்று வாரத்துக்கு இரண்டு முறை கேட்கிறவர், இன்று அதையும் கேட்கவில்லை. ஒப்புதல் கொடுத்தார். ஜார் கட்டி, பெட்டி கட்டி, அனுப்பினேன். பழைய பெட்டிகள் ஒவ்வொன்றாக அணைய, புதியவை ஒவ்வொன்றாக எழுந்தன. பச்சை. கே-2294. கே-2281.

சமைக்கவில்லை.


ஜூன் 16, திங்கள்

காலையில் டயாலிசிஸ் பிரிவிலிருந்து மேகலா கூப்பிட்டாள். திரையில் இரண்டு என்று வருகிறதாம். சிஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லையாம்.

"யாரோ மாத்திட்டாங்களாட்டம் இருக்குதுங்க. நீங்க கொஞ்சம் பாருங்."

"தேதியில ஒரு தப்பு இருந்துச்சு மேகலா. அது திருத்தியாச்சு."

"ஆரு மாத்துனது?"

"நான்தான். திருத்துனேன்."

"நீங்களா மாத்துனீங்க?"

நான் திருத்தினேன் என்று சொல்லச் சொல்ல அவள் மாத்துனீங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "என்ன தேதி?" என்றாள். சொன்னேன். "செவ்வாக்கெழம ராத்திரிதானுங்க. நான்தான கூட்டிட்டுப் போனேன்" என்றாள். சத்தமே போடவில்லை. பக்கத்தில் அவன் மெஷினில் தூங்கிக்கொண்டிருந்திருப்பான்.

மாலை நான்கு மணிக்கு என் திரையில் ஒரு கோரிக்கை வந்தது. இரண்டு நாளாக வெண்டிலேட்டரில் இருந்த ஒருவர், சாலை விபத்து. மூளைச்சாவு உறுதியாகி, குடும்பம் சம்மதித்துவிட்டது. ஓ பிரிவு. பொது வரிசைக்கு ஒரு சிறுநீரகம். நிரல் உடனே பதில் சொன்னது. பிழை எதுவும் இல்லை.

முதலாமவரோடு இரண்டாமவரையும் வரச் சொல்வார்கள். தானம் செய்தவரின் ரத்தத்தோடு முதலாமவருடையது சேரவில்லை என்றால் இரண்டாமவருக்கு வைப்பார்கள். தம்பிக்கும் ஃபோன் போயிருக்கிறது. எதுவும் சாப்பிடாமல் விடியற்காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். அவனே கூப்பிட்டான். "ஸ்டெப்னி டயராக் கூப்புட்டிருக்காங்கக்கா. பஞ்சர் ஆனா என்னையப் போடுவாங்களாமா."


ஜூன் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் நான்காவது மாடி. ஒரே நீள பெஞ்சில் இரண்டு குடும்பங்களையும் உட்கார வைத்திருந்தார்கள். கே-2294 ஒரு ஒல்லிப் பெண். சிந்துஜா என்று பெயர், கோபிப் பக்கம், பி.எட். முதல் வருடத்தோடு நிறுத்தியவள். கூட அவள் அப்பா.  கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

தம்பி சும்மா இருக்க மாட்டான். "ஏஞ் சாமி, நீ எத்தன டம்ளரு?"

"ரெண்டரைங்ணா."

"எனக்கு மூணு. நான் பணக்காரன் பாரு." அவள் சிரித்தாள். "ஒண்ணுக்குப் போயி எத்தன நாளாச்சு?"

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்ணா."

"எனக்கும் அப்படித்தான். பஸ்சுல தூரமாப் போறதுக்கு நம்மளாட்டம் ஆளு கெடையாது. எங்கியும் நிறுத்தச் சொல்ல மாட்டம்."

அவள் அப்பாவே சிரித்துவிட்டார். மேகலா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

அந்தப் பெண்ணின் ரத்தம் சேராமல் போகட்டும் என்று நான் நினைத்தேனா? நினைத்தேன். பெஞ்சின் அந்தக் கோடியில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே நினைத்தேன்.

பத்து மணிக்கு அறுவை சிகிச்சை டாக்டர் வந்தார். சேர்ந்துவிட்டது. சிந்துஜாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் அழுதாள். தம்பி எழுந்துபோய் அவள் தலையில் கை வைத்து, "போயிட்டு வா சாமி. மொதல் தண்ணி வந்தா அண்ணனுக்குச் சொல்லியனுப்பு" என்றான். அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கதவு மூடிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

திரும்பி வந்து, "பசிக்குது, வாங்க" என்றான்.

கேன்டீனில் சாம்பார் இல்லாமல் இரண்டு இட்லி சாப்பிட்டான். "அடுத்தது என்னோட நம்பர்தானக்கா?"

"ஆமா."

"அப்பறம் என்ன."

மேகலா டம்ளரில் அளந்து தண்ணீர் ஊற்றினாள். அவன் பாதி குடித்துவிட்டு மீதியை வைத்துவிட்டான். மாலைக்கு வேண்டுமாம். படியேறும்போது மூன்று முறை நின்றான்.

அவனுக்கு ஒன்றும் தெரியாது. வியாழக்கிழமை முதல் இடத்தில் இருந்தது சிஸ்டர் தப்பாகப் பார்த்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். மேகலா அப்படிச் சொல்லியிருக்கிறாள். எனக்காகச் சொன்னாளா, அவனுக்காகச் சொன்னாளா தெரியவில்லை. எப்படியானாலும் பொய். நாளைக்கு அவனுக்கு டயாலிசிஸ். போய் நானே சொல்லிவிடுவேன். அவன் திட்டலாம், பேசாமல் இருந்துவிடலாம். புரிந்துகொள்வான் என்றுதான் நினைக்கிறேன். கணக்கு தெரிந்தவன்.


ஜூன் 18, புதன்

சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு டயாலிசிஸ் பிரிவுக்குப் போனேன். மேகலா வாசலிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சொல்லப் போறீங்களா?"

"ஆமா. அவனுக்குத் தெரியோணும்."

"ஆருக்கு நல்லதுங்க அது? உங்களுக்கா, அவருக்கா?"

அவள் கதவைவிட்டு நகரவில்லை.

"நீங்க பண்ணுனது தப்புன்னு நான் சொல்லலீங்க. அந்தப் புள்ளையவும் பாத்தேன். நம்ம வீட்டுப் புள்ளையாட்டந்தான் இருந்துச்சு." குரல் ஒரே சீராக இருந்தது. "ஆனா எங்க அக்கா இருக்குது, எங்க அக்கா பாத்துக்கும்னு தெனமும் சொல்லிட்டுத்தான் அந்த மெஷின்ல படுக்கறாரு. அதையும் எடுத்துப்போட்டீங்கன்னா அவருகிட்ட வேற ஒண்ணும் இல்லீங்க. அவருக்குத் தெரிய வேண்டாம். நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம்."

"சரி" என்றேன்.

"இன்னொண்ணுங்க. இனி நீங்க வீட்டுக்கு வர வேண்டாம். உங்களப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அவருக்கு முன்னால சிரிக்கறதுக்கு என்னால முடியாதுங்க. அவருகிட்ட ஏதாச்சும் சொல்லிக்கறேன். ஆபீஸ்ல வேலைன்னு சொல்லிக்கறேன்."

அதற்கும் சரி என்றுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் உள்ளே போனாள். கதவு முழுதாக மூடவில்லை. மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவன் குரல் கேட்டது.

"ஆரு, அக்காவா?"

"இல்லீங்க."

"அக்கா வந்தாச் சொல்லு. அந்தப் புள்ளைக்கு ஒண்ணுக்கு வந்துருச்சாமா. அவங்கப்பன் இப்பத்தான் ஓடியாந்து சொல்லிட்டுப் போனாரு."

"சொல்றேனுங்க."

"நெம்ப வந்துச்சாமா."

கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு படியிறங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.